எழுத்தே இல்லாத மொழி... அதன் வரலாற்றை எங்கே பத்திரப்படுத்துவது? காதுகேளாதோர் அருங்காட்சியகங்கள் ஏன் தேவை?

உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், குலதெய்வம் கோயில் எங்கே இருக்கு, பாட்டி எந்தப் பஞ்சத்தில் எப்படிச் சமாளித்தார்... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். சாப்பிடும்போது, கல்யாண வீட்டில், திண்ணைப் பேச்சில் காதில் விழுந்தவைதான் எல்லாம்.

சரி, காதில் எதுவுமே விழாத ஒரு குழந்தைக்கு இதெல்லாம் எப்படிப் போய்ச் சேரும்?

இந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்றுதான் காதுகேளாதோர் அருங்காட்சியகம். அமெரிக்கா, நார்வே, பின்லாந்து, பிரான்ஸ் என்று சில நாடுகளில் இப்படிப்பட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பழைய காதுகேள் கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சமூகம் தன் மொழியையும் போராட்டத்தையும் அன்றாட வாழ்க்கையையும் தானே சொல்லும் இடம் அது. இதில் அப்படி என்ன இருக்கு, ஏன் இப்போது இது அவசரம் என்று பார்க்கலாம்.

மற்ற சமூகங்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அந்த அப்பா, அம்மாவுக்குச் சைகை மொழி தெரியாது. குழந்தைதான் அந்தக் குடும்பத்தின் முதல் காதுகேளாத ஆளாக இருக்கும்.

பொதுவாக, மொழியும் பண்பாடும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். இங்கே அந்தச் சங்கிலி வீட்டிலேயே அறுந்துவிடுகிறது. அப்படியென்றால் சைகை மொழி, நகைச்சுவை, முன்னோடிகளின் கதை எல்லாம் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் காதுகேளாதோருக்கான விடுதிப் பள்ளிகளிலிருந்து. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரவு விடுதி அறையில் சைகையிலேயே கதை ஓடும். புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு சைகைப் பெயரும் கிடைக்கும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று, தோழர்கள் வைத்த சைகைப் பெயர் இன்னொன்று. ஆயுசுக்கும் அந்த இரண்டாவது பெயரில்தான் தன் சமூகத்துக்குள் அவர் அறியப்படுவார்.

இப்போது பல நாடுகளில் அந்த விடுதிப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது. சில மூடப்பட்டும்விட்டன. பள்ளி மூடினால் கட்டடத்தோடு போகாது, பாட்டி வீடே போன மாதிரி. அதனால்தான் அருங்காட்சியகம் என்ற ஏற்பாடு இந்தச் சமூகத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒரு தீவு சொல்லும் பாடம்

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவு நல்ல உதாரணம். பரம்பரைக் காரணத்தால் அங்கே காதுகேளாதோர் அதிகம் பிறந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சில்மார்க் என்ற ஊரில் சுமார் 25 பேருக்கு ஒருவர் காதுகேளாதவர். அதனால் காது கேட்பவர்களும் சைகை மொழி பேசினார்கள். மீன்பிடிப் படகிலும் கடைத்தெருவிலும் அது சாதாரண விஷயம். காது கேட்காததை யாரும் ஒரு குறையாகப் பார்க்கவில்லை.

பிறகு வெளியூர்த் திருமணங்கள் கூடின, பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள், காதுகேளாதோர் எண்ணிக்கை குறைந்தது. அந்தப் பரம்பரையின் கடைசி நபர் 1952-ல் இறந்தார். அவரோடு அந்தத் தீவின் சைகை மொழியும் வழக்கொழிந்தது. பிற்பாடு நோரா எல்லன் க்ரோஸ் என்ற மானுடவியலாளர், தீவின் முதியவர்களிடம் கேட்ட நினைவுகளை வைத்துத்தான் இந்த வரலாற்றை மீட்டு, 1985-ல் புத்தகமாக்கினார். கதை கிடைத்துவிட்டது. மொழி கிடைக்கவில்லை.

மிலான் 1880: ஒரு வாக்கெடுப்பு, ஒரு நூற்றாண்டு

உலகின் எந்தக் காதுகேளாதோர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஒரு ஊரின் பெயர் கட்டாயம் வரும். இத்தாலியின் மிலான்.

அதற்கு முன்னால் நிலைமை மோசமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அபே டி லெப்பே என்ற பாதிரியார் சைகை வழியாகக் கற்பிக்கும் பள்ளியை நடத்தினார். அங்கே படித்து ஆசிரியரான லாரன்ட் கிளெர்க் ஒரு காதுகேளாதவர். அவர் கப்பலேறி அமெரிக்கா போய், தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட்டோடு சேர்ந்து 1817-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கினார். இன்றைய அமெரிக்கச் சைகை மொழிக்கும் பிரெஞ்சு சைகை மொழிக்கும் உறவு இருப்பது இதனால்தான். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் வாயால் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் அவர்களின் சைகை மொழிகள் வேறுவேறு. சைகை மொழி, பேச்சு மொழியின் கை வடிவம் இல்லை என்பதற்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

1880 செப்டம்பரில் மிலானில் காதுகேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு நடந்தது. கலந்துகொண்ட 164 பேரில் ஒரே ஒருவர்தான் காதுகேளாதவர். பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி, வாய்ப்பேச்சு முறையில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. யாருடைய மொழியோ, அவர்களைக் கேட்காமலேயே முடிவாகிவிட்டது.

விளைவு? காதுகேளாத ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். வகுப்பில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்த, கையில் அடித்த நினைவுகள் பல நாட்டு முதியவர்களிடம் இருக்கின்றன. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியிலேயே பள்ளி நேரம் கரைந்ததால், கணக்கும் அறிவியலும் பின்னுக்குப் போயின. 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடுதான், மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் ஓடிப்போனது 130 ஆண்டுகள்.

தொலைபேசி கண்டுபிடித்தவரும் இந்தக் கதையில் வருகிறார்

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நமக்குப் பாடப் புத்தகத்தில் தெரியும். அவருடைய அம்மாவும் மனைவியும் காதுகேளாதவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவரே காதுகேளாதோருக்குக் கற்பித்தவர். ஆனால் வாய்ப்பேச்சு முறையின் தீவிர ஆதரவாளர். காதுகேளாதோர் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டால் காதுகேளாத மனித வகை ஒன்றே உருவாகிவிடும் என்று 1883-ல் எச்சரித்தார்.

அவர் 1876-ல் காப்புரிமை பெற்ற தொலைபேசி உலகத்தையே இணைத்தது. காதுகேளாதோரை மட்டும் வெளியே நிறுத்தியது. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க, மருத்துவரைக் கூப்பிட, பக்கத்து வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டிய நிலை. 1964-ல்தான் ராபர்ட் வெய்ட்பிரெக்ட் என்ற காதுகேளாத இயற்பியலாளர், தட்டச்சு செய்த எழுத்தைச் சாதாரணத் தொலைபேசி இணைப்பு வழியாக அனுப்பும் கருவியை உருவாக்கினார். பெரிய நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பழைய தந்தித் தட்டச்சு இயந்திரங்களைக் காதுகேளாதோர் வாங்கிவந்து, பழுதுபார்த்து, வீட்டில் வைத்துப் பயன்படுத்தினார்கள். பீரோ போலக் கனமான அந்த இயந்திரம், இன்று உங்கள் கையில் இருக்கும் சாட்டிங்குக்கு ஒரு வகையில் முன்னோடி. இந்த அருங்காட்சியகங்களில் அதற்குத் தனி மரியாதை உண்டு.

எழுத்தில்லாத மொழிக்கு ஓலைச்சுவடி எது?

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடிகளைத் தேடியதால்தான் சங்க இலக்கியத்தில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தது. ஓலை என்று ஒன்று இருந்ததால் தேட முடிந்தது. சைகை மொழிக்குப் பரவலான எழுத்து வடிவமே கிடையாது. கை அசைவும், முகபாவமும், உடம்பின் திசையும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம். அதைத் தாளில் எழுதிவைத்துவிட முடியாது.

திரைப்படம் வந்ததும் இந்தப் பிரச்சினைக்கு வழி பிறந்தது. அதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் வெடிட்ஸ். சிறுவயதுக் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். அமெரிக்காவின் தேசியக் காதுகேளாதோர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். மிலானுக்குப் பிறகு சைகை மொழி தேய்ந்துபோகிறது, நன்றாகச் சைகை பேசும் பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள் என்ற பதற்றம் அவர்களுக்கு இருந்தது. 5,000 டாலர் நிதி திரட்டி, சைகைப் பேச்சாளர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். 1913-ல் வெடிட்ஸே கேமரா முன் நின்று, சைகை மொழியை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சைகையிலேயே வாதாடினார்.

சத்தமில்லாத, கறுப்பு-வெள்ளைப் படம் அது. நூறாண்டு தாண்டியும் அமெரிக்கச் சைகை மொழி தெரிந்தவர்கள் அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். 2010-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. மார்த்தாஸ் வின்யார்டில் நடக்காமல் போன காரியம் இங்கே நடந்தது. வித்தியாசம், சரியான நேரத்தில் ஓடிய ஒரு கேமரா.

கேலடெட்: வாசலை மறித்த மாணவர்கள்

வாஷிங்டன் நகரில் இருக்கிறது கேலடெட் பல்கலைக்கழகம். காதுகேளாதோர் பட்டம் பெறுவதற்கான சட்டத்தில் 1864-ல் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். அங்கே சேப்பல் ஹால் என்ற 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் காதுகேளாதோர் வாழ்வியலுக்கான தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது.

அந்த வரலாற்றில் முக்கியமான ஒரு வாரம் உண்டு. 1988 மார்ச் 6 அன்று, பல்கலைக்கழகத்தின் புதிய தலைவராகக் காது கேட்கும் ஒருவரை நிர்வாகக் குழு அறிவித்தது. 124 ஆண்டுகளில் ஒரு தடவைகூடக் காதுகேளாதவர் தலைவர் ஆனதில்லை. காதுகேளாத தகுதியான வேட்பாளர்கள் இருந்தும் இந்த முடிவு. மாணவர்கள் கொதித்துப்போய் வாசல்களை மறித்தார்கள், வகுப்புகள் நின்றன, நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனது.

காதுகேளாதவர் தலைவராக வேண்டும், நிர்வாகக் குழுத் தலைவர் பதவி விலக வேண்டும், குழுவில் காதுகேளாதோர் பெரும்பான்மை வேண்டும், போராடியவர்கள் மீது நடவடிக்கை கூடாது. இந்த நான்கு கோரிக்கைகளும் மார்ச் 13-க்குள் ஏற்கப்பட்டன. ஐ. கிங் ஜோர்டன், பல்கலைக்கழகத்தின் முதல் காதுகேளாத தலைவர் ஆனார். 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு இந்தப் போராட்டமும் உரம் போட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு.

தன் கறையையும் காட்ட வேண்டும்

பெருமையை மட்டும் மாட்டிவைத்தால் அது விளம்பரப் பலகை ஆகிவிடும். கேலடெட் வளாகத்தில் இருந்த கெண்டல் பள்ளியில் ஒரு காலத்தில் கறுப்பினக் காதுகேளாத பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்கள் வெளி மாநிலத்துக்குப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. லூயிஸ் மில்லர் என்ற தாய் மற்ற பெற்றோரோடு சேர்ந்து 1952-ல் வழக்கு போட்டு ஜெயித்தார். அப்படியும் அதே வளாகத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவுதான் கிடைத்தது. படித்து முடித்தவர்களுக்கு உரிய சான்றிதழும் தரவில்லை.

2023 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த 24 மாணவர்களுக்கும் பட்டமளிப்பு விழா நடத்தியது. எழுபது ஆண்டு தாமதம். சிலர் நேரில் வந்தார்கள், மறைந்தவர்களுக்காகக் குடும்பத்தினர் வாங்கிக்கொண்டார்கள். தனித்தனிப் பள்ளிகளில் படிக்கவைத்ததால், கறுப்பினக் காதுகேளாதோரிடம் தனக்கென இயல்புகள் கொண்ட ஒரு சைகை வழக்கும் வளர்ந்தது. இன்று அது தனி ஆய்வுத் துறை. ஆவணங்களும் நினைவுகளும் பத்திரமாக இருந்ததால்தான் இந்த அநீதியைப் பெயர் சொல்லித் திருத்த முடிந்தது.

காது கேட்பவர் உள்ளே போனால் என்ன பார்க்கலாம்?

பள்ளிச் சீருடை, மணிச் சத்தத்துக்குப் பதில் மின்னும் விளக்கு, குழந்தை அழுதால் ஒளிரும் கருவி, தலையணையை அதிரவைத்து எழுப்பும் கடிகாரம், காதுகேளாதோர் நடத்திய பத்திரிகைகள், சங்கக் கூட்டப் புகைப்படங்கள். எல்லாம் எளிய பொருட்கள்தான், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

பத்திரிகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் காதுகேளாதோர் பள்ளிகளில் அச்சுத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். காதைப் பிளக்கும் இயந்திரச் சத்தம் அவர்களுக்குத் தொந்தரவில்லை. வாஷிங்டன் போஸ்ட் உள்பட பல நாளிதழ்களின் அச்சுக்கூடங்களில் காதுகேளாதோர் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். கணினி வந்ததும் அந்த வேலைகள் போயின.

நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில், பழைய காதுகேளாதோர் பள்ளிக் கட்டடமே அருங்காட்சியகமாகிவிட்டது. அந்த நாட்டின் முதல் காதுகேளாதோர் பள்ளியை 1825-ல் அதே நகரில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் மோலர், தானே காதுகேளாதவர். பின்லாந்தின் காதுகேளாதோர் அருங்காட்சியகம், தம்பெரே நகரில் உள்ள தொழிலாளர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. பிரான்ஸில், பெர்டினாண்ட் பெர்த்தியே என்ற காதுகேளாத ஆசிரியர் பிறந்த லூவான் ஊரில் இப்படி ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1849-ல் பிரான்ஸின் உயரிய செவாலியே விருது பெற்றவர் அவர்.

காக்ளியர் கருவி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில்கூடச் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலன் இருப்பதில்லை. கருவியைக் கழற்றிவைத்தால் அந்தக் குழந்தைக்கு மறுபடியும் காது கேட்காது. கருவி வேண்டுமா, சைகை மொழி வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு, இரண்டும் கிடைக்கட்டும் என்பதுதான் காதுகேளாதோர் அமைப்புகளின் வாதம். வீட்டுக்கு வைத்தியம் தெரிந்தால் போதாது, தன்னைப்போல இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சிறியதாகப் போட்டால் உடல்நிலை, பெரியதாகப் போட்டால் மொழியும் பண்பாடும் கொண்ட சமூகம் என்ற வழக்கம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நம்மிடம் இருப்பதோ வசவாக மாறிப்போன சில பழைய சொற்களும், குறைபாடு என்றே தொடங்கும் அரசாங்கச் சொற்களும். அந்தச் சமூகத்தை மரியாதையாகக் குறிக்கும் சொல்லையே நாம் இனிமேல்தான் பழக வேண்டும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கேட்கும் திறன் சார்ந்த மாற்றுத்திறனாளிகள் சுமார் 50 லட்சம் பேர். மும்பையில் 1880-களிலும், கொல்கத்தாவில் 1893-லும் பள்ளிகள் தொடங்கின. நம் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி 1890-களில் தொடங்கிய பள்ளியும் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அதாவது, நம்மிடம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பள்ளிக்கூட வரலாறு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே சைகையில் பேசிச் சிரித்து, சண்டைபோட்டு, நட்பாகி, வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

மொழிக்கு அங்கீகாரம் மெதுவாகத்தான் வந்தது. இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015-ல் டெல்லியில் அமைந்தது. 2018-ல் 3,000 சொற்களோடு வந்த அகராதி, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இந்தியச் சைகை மொழியைத் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது. நல்ல விஷயம்தான். அதே நேரத்தில், தரப்படுத்தும்போது ஊருக்கு ஊர் மாறும் பழைய சைகைகள் சத்தமில்லாமல் கழன்றுபோகும் வாய்ப்பும் இருக்கு. அகராதி இன்றைய சொல்லைத் தரும். எழுபது வயதுப் பெரியவர் தன் பள்ளிக் காலத்தில் அதே சொல்லை எப்படிச் செய்தார் என்பதைப் பதிவுதான் தரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கட்டடம் கட்ட அரசு வேண்டும். பதிவு செய்ய ஒரு போன் போதும். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ காதுகேளாத பெரியவர் இருந்தால், சைகை மொழி தெரிந்தவர் ஒருவரைக் கேள்வி கேட்கவைத்து வீடியோ எடுக்கலாம். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

• இடுப்புக்கு மேல் முழுதாகத் தெரியட்டும். இரண்டு கைகளும், முகமும் ஃபிரேமுக்கு வெளியே போகக் கூடாது. முகத்துக்கு மட்டும் குளோசப் போட்டால் பாதி வாக்கியம் போய்விடும்.

• வெளிச்சம் முன்பக்கமிருந்து வரட்டும். பின்னால் ஜன்னல் வேண்டாம். கோடு போட்ட, பூப்போட்ட சட்டையைவிட ஒரே நிறச் சட்டையில் கை நன்றாகத் தெரியும்.

• முதலில் சம்மதம் வாங்குங்கள். குரல் பேட்டியில் பெயரை மறைக்கலாம். சைகை மொழியில் முகமே இலக்கணம். முகத்தை மங்கலாக்கினால் பொருளும் மங்கிவிடும். அதனால் யார் பார்க்கலாம், எங்கே வெளியிடலாம் என்பதைப் பேசுபவரே முடிவு செய்யட்டும்.

• பெயர், சைகைப் பெயர், ஊர், படித்த பள்ளி, ஆண்டு ஆகியவற்றை எழுதிவையுங்கள். தமிழில் எழுத்து வரிகளும் சேர்த்தால், தேடும்போது கிடைக்கும்.

• பழைய பள்ளிப் புகைப்படம், சங்க அழைப்பிதழ், கைவினைப் பொருள் எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. என்ன கேட்பது, எதைக் காட்சிக்கு வைப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் காதுகேளாதோரே இருக்க வேண்டும். மிலானில் 164 பேர் கூடிச் செய்த தவறு அதுதான்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 23 சர்வதேசச் சைகை மொழிகள் தினம். உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பு 1951-ல் ரோம் நகரில் உருவான நாள் அது. அன்றைக்கு வாழ்த்துச் செய்தி ஃபார்வேர்டு செய்வதோடு நிறுத்தாமல், உங்கள் ஊரில் காதுகேளாதோர் பள்ளி எங்கே இருக்கு, அதன் முதல் மாணவர்களில் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால், அவர்கள் கைகளில் இன்னும் யாரும் பதிவு செய்யாத ஒரு வரலாறு இருக்கலாம்.